செங்காந்தளும் கால் பெருவிரலும்

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைப்பாதையை விட்டு ஊத்துப் பிரிவில் திரும்பிச் செல்கிறவர்களுக்கு, காபித் தோட்டங்களின் நிழலும் மிளகுக் கொடி சுற்றிய மரங்களும் மலைவாழைத் தோப்புகளும் சூழ்ந்த பண்ணைக்காடு காட்சி தருகிறது. சமதரை என்று சொல்லத்தக்க நிலம் அதிகமில்லாத அந்தச் சரிவுகளில், கூடையைச் சுமந்துகொண்டு ஏறுவதும் இறங்குவதுமாகவே பொழுதைக் கழிக்கும் ஜனங்களுக்குக் காலே பிரதானமான கருவி. அந்தக் காலை ஒரே இரவில் தரையில் ஊன்ற முடியாதபடி செய்துவிடும் ஒரு வியாதியைப் பற்றியும், அதற்கு இந்த மலையும் மலையடிவாரமும் வைத்திருக்கும் பரிகாரங்களில் எவை மெய்யானவை, எவை வெறும் நம்பிக்கை, எவை பிராணாபாயம் என்பதைப் பற்றியும் சற்று விஸ்தாரமாகவே சொல்ல விரும்புகிறேன்.

டாக்டர்கள் கவுட் என்றும், ஆயுர்வேத வைத்தியர்கள் வாதரக்தம் என்றும், ஜனங்கள் இப்போதெல்லாம் ‘யூரிக் ஆசிட் வலி’ என்றும் குறிப்பிடும் இந்நோய், மற்ற மூட்டுவலிகளைப் போல மெல்ல மெல்ல வந்து குடியேறுவதில்லை. முதல் நாள் மாலை வரையில் ஒரு குறையும் இல்லாமல் நடமாடிவிட்டுப் படுத்த மனிதர், நள்ளிரவு கடந்து இரண்டு மூன்று மணிக்குக் கால் பெருவிரலின் அடிமூட்டில் பொறுக்க முடியாத வேதனையோடு விழித்துக்கொள்கிறார். விரல் சிவந்து வீங்கிப் பளபளக்கிறது, தொட்டால் சுடுகிறது, போர்வையின் நுனி உரசினாலும் உயிர் போகிறது. முதல் தாக்குதல் பெரும்பாலும் அந்த ஒற்றை மூட்டிலேயே நிகழ்கிறது. பின்னர் கணுக்கால், முழங்கால், மணிக்கட்டு, விரல் மூட்டுகள் என்று பரவுவதும் உண்டு. ஆனால் இந்நோயின் மிக முக்கியமான குணம் வேறொன்று; இக்கட்டுரையில் நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அதுவே ஆதாரமானபடியால் வாசகர்கள் அதை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். எந்த மருந்தும் கொடுக்காவிட்டாலும் ஒரு வாரத்திலோ இரண்டு வாரத்திலோ முதல் தாக்குதல் தானாகவே தணிந்துவிடுகிறது. தணிந்தபின் மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில், நோயின் சுவடே தெரிவதில்லை. ஆகையால் வலி வந்த மூன்றாம் நாள் எந்தக் கஷாயத்தைக் குடித்தாலும், எந்த இலையை வைத்துக் கட்டினாலும், பத்தாம் நாள் அது பலித்துவிட்டதாகத் தோன்றும். அந்த வைத்தியத்தின் புகழ் ஊரெல்லாம் பரவும். உள்ளே நோய் மட்டும் சந்தடியின்றி வளர்ந்துகொண்டிருக்கும்.

காரணம் என்னவென்று பார்ப்போம். நம் சரீரத்தின் ஒவ்வோர் உயிரணுவிலும் பியூரின் என்னும் வஸ்து இருக்கிறது. நாம் உண்ணும் மாமிசத்திலும் மீனிலும் தாவரத்திலுங்கூட அது உண்டு. அது சிதையும்போது கடைசியில் யூரிக் அமிலமாகிறது. மற்றப் பெரும்பாலான விலங்குகளிடம் இந்த அமிலத்தை மேலும் சிதைத்துக் கரைந்துபோகும் பொருளாக மாற்றும் யூரிகேஸ் என்னும் நொதி இருக்க, மனிதனும் அவனுக்கு நெருங்கிய குரங்கினங்களும் பல லட்சம் தலைமுறைகளுக்கு முன்பே அதை இழந்துவிட்டபடியால், நாம் யூரிக் அமிலத்தை அப்படியே வெளியேற்றியாக வேண்டியிருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கைச் சிறுநீரகமும் மீதியைக் குடலும் வெளியே தள்ளுகின்றன. இந்நோய் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அமிலம் அளவுக்கு மீறி உற்பத்தியாவது முதற்காரணமன்று. சிறுநீரகம் அதைப் போதுமான அளவு வெளியேற்றாததே காரணம், அதுவும் பெரும்பாலும் பிறவியிலேயே அமைந்த சுபாவம். ‘வாயைக் கட்டாததால் வந்த வியாதி’ என்று நோயாளியைக் குடும்பத்தார் குற்றம் சொல்வது இதனாலேயே அநியாயமாகும்.

ரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 6.8 மில்லிகிராம் வரையில்தான் யூரிக் அமிலத்தின் உப்பு கரைந்து நிற்கும். அதற்கு மேல் போனால், பாகு ஆறும்போது பாத்திரத்தின் அடியில் கற்கண்டு கட்டுவதைப் போல, மூட்டுகளில் ஊசி ஊசியான படிகங்களாக உறைகிறது. அந்த ஊசிகளை அந்நியர் என்று கருதி வெள்ளையணுக்கள் திரண்டு வந்து தாக்கும் கலவரமே நாம் உணரும் வலி. 6.8 என்பது 37 டிகிரி உஷ்ணத்துக்குச் சொன்ன கணக்கு. உஷ்ணம் குறையக் குறையக் கரையும் அளவும் குறைகிறது. இருதயத்திலிருந்து வெகுதூரத்தில், உடலிலேயே மிகவும் குளிர்ந்த பாகங்களில் ஒன்றாகிய பெருவிரலில் நோய் முதலில் தலைகாட்டுவதற்கும், காது மடலில் படிகக் கட்டிகள் தோன்றுவதற்கும் இது ஒரு காரணம். மலைவாசிகளுக்கு இந்நோய் அதிகம் என்று இதைக்கொண்டு முடிவு கட்டிவிடலாகாது. ஆனால் முன்பே நோய் உள்ளவர்கள் மார்கழி, தை மாதத்து இரவுகளில் காலுக்குக் கம்பளிக் காலுறை அணிந்துகொள்வதும், குளிரினால் தாகம் தெரியாத காலத்திலும் நினைவோடு தண்ணீர் குடிப்பதும் புத்திசாலித்தனம். மேட்டில் ஏறி உழைப்பவர்களுக்குக் குளிரிலும் வியர்வை உண்டு. நீர் வற்றிய உடம்பில் அமிலம் செறிவடைகிறது.

படிகங்களை முதன்முதலில் கண்ணால் பார்த்தவர் 1679ஆம் வருஷத்தில் பூதக்கண்ணாடியின் மூலம் நோயாளியின் கட்டியை ஆராய்ந்த ஹாலந்து தேசத்து லேவன்ஹூக். யூரிக் அமிலத்தைச் சிறுநீரகக் கல்லிலிருந்து பிரித்தவர் ஷீலே, அது 1776இல். நோயாளிகளின் ரத்தத்தில் அந்த அமிலம் மிகுந்திருப்பதை 1848இல் நிரூபித்தவர் லண்டன் வைத்தியர் காரட். இவ்வளவு தெளிவாகக் காரணம் தெரிந்த மூட்டுநோய் வேறு இல்லை என்றே சொல்லலாம். இருந்தும் நம் வீடுகளில் இதற்கு விதிக்கப்படும் பத்தியங்களில் பாதி ஆதாரமற்றவை.

பருப்பை விடு, கீரையை விடு, காளானை விடு, பட்டாணியை விடு என்று நோயாளிக்குச் சொல்லாதவர் இல்லை. அமெரிக்காவில் 47,000க்கும் மேற்பட்ட ஆண்களைப் பன்னிரண்டு வருஷம் தொடர்ந்து கவனித்து 2004இல் வெளியான பெரிய ஆராய்ச்சி ஒன்று, மாமிசமும் கடல்மீனும் அதிகம் உண்டவர்களுக்கு இந்நோய் கூடுதலாக வந்ததையும், பியூரின் மிகுந்த காய்கறிகளை உண்டவர்களுக்கு அவ்வாறு வராததையும், பாலும் தயிரும் சேர்த்துக்கொண்டவர்களுக்குக் குறைவாகவே வந்ததையும் கண்டது. ஆகவே பண்ணைக்காட்டுச் சரிவுகளில் விளையும் பீன்ஸையும் சௌசௌவையும் பட்டாணியையும் பயந்து ஒதுக்க வேண்டிய அவசியமே இல்லை; சாம்பாரையும் மோரையும் இழக்க வேண்டியதுமில்லை. சுருக்கிக்கொள்ள வேண்டியவை ஈரல், மூளை, குடல் முதலிய உறுப்பு மாமிசங்களும், நெத்திலி, மத்தி போன்ற மீன்களும், கறிவிருந்துகளில் பாத்திரம் பாத்திரமாகக் காய்ச்சும் எலும்புச் சாறும். மதுபானத்தில் எல்லாம் கெடுதல்தான் என்றாலும், பீர் மற்றவற்றைவிட அதிகத் தீங்கு செய்கிறது. பாட்டிலில் வரும் சர்க்கரைக் குளிர்பானங்களைத் தினம் இரண்டு அருந்திய ஆண்களுக்கு, மாதத்துக்கு ஒன்றுக்கும் குறைவாக அருந்தியவர்களைக் காட்டிலும் 85 சதவிகிதம் அதிகமாக இந்நோய் வந்ததென்று 2008இல் தெரியவந்தது. பழச்சர்க்கரை சிதையும் வழியில் யூரிக் அமிலம் உண்டாவதே இதற்குக் காரணம். மலைவாழைப் பழத்தைத் தினம் ஒன்று தின்பவர் இதனால் கலங்க வேண்டாம். அதே பழத்தை நாட்டுச் சர்க்கரையும் கற்கண்டும் பேரீச்சையும் தேனும் சேர்த்துப் பிசைந்த பழனிப் பஞ்சாமிர்தத்தைப் பிரசாதமாக ஒரு கரண்டி உட்கொள்வதோடு நிறுத்திக்கொண்டால் போதும்.

இந்த ஊருக்கே உரிய நல்ல செய்தி ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும். ஏறக்குறைய அதே ஆண்களின் கூட்டத்தை ஆராய்ந்து 2007இல் வெளியான முடிவின்படி, நாளொன்றுக்கு நான்கைந்து கோப்பை காபி குடித்தவர்களுக்கு, குடியாதவர்களைவிட 40 சதவிகிதம் குறைவாகவே கவுட் வந்தது. காபீன் நீக்கிய காபியிலும் ஓரளவு பலன் தென்பட்டது, தேநீரில் தென்படவில்லை. எனவே பலன் காபிக்கொட்டையிலுள்ள வேறு சத்துக்களால் என்று கருதுகிறார்கள். பண்ணைக்காடு அடங்கிய கீழ்ப்பழனி மலையின் நிழல் தோப்புகளில் தலைமுறை தலைமுறையாக விளைந்துவரும் அரபிகாக் கொட்டைக்கு இதைவிடச் சிறந்த நற்சாட்சி வேண்டியதில்லை. என்றாலும் இது கூட்டத்தைக் கவனித்துச் சொன்ன கணக்கே தவிர, நோயாளிக்குக் காபியை மருந்தாகக் கொடுத்துப் பார்த்த சோதனையன்று. தூக்கமும் வயிறும் கெடும்படி யாரும் கோப்பைகளைக் கூட்டிக்கொள்ள வேண்டாம். காபி குடிக்கும் வழக்கமுள்ளவர், வலி வந்துவிட்டதென்று அதை நிறுத்த வேண்டியதில்லை. சர்க்கரையை மட்டும் குறைத்துக்கொண்டால் போதும்.

நெல்லிக்காயைப் பற்றியும் நிதானமாகவே பேச வேண்டும். வைட்டமின் சி தினம் 500 மில்லிகிராம் உட்கொண்டால் யூரிக் அமிலம் சிறிதளவு குறைகிறதென்று ஆரோக்கியமானவர்களிடம் கண்டிருக்கிறார்கள். ஆனால் நோய் வந்துவிட்டவர்களிடம் நியூசிலாந்தில் செய்த சோதனையில் சொல்லத்தக்க பலன் கிடைக்கவில்லை. காட்டு நெல்லியை ஆகாரமாக உண்ணலாம். நோயை நெல்லியிடம் ஒப்படைத்துவிட்டு இருக்கக் கூடாது. மேல்நாட்டார் செர்ரிப் பழத்தைக் கொண்டாடுகிறார்கள். 2012இல் வந்த ஆராய்ச்சி, செர்ரி சாப்பிட்ட இரண்டு நாட்களில் தாக்குதல் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகவே குறைந்ததென்கிறது. அதற்காக விலையுயர்ந்த சாற்றைப் புட்டியில் வாங்கும்படி நான் யாருக்கும் யோசனை சொல்ல மாட்டேன். எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்துப் பார்த்தாலும், ஆகார நியமத்தால் மட்டும் யூரிக் அமிலம் பெரும்பாலும் ஒரு மில்லிகிராம் அளவுக்குத்தான் இறங்கும். அமிலம் சற்றே மிகுந்தவருக்கு அது போதும். ஒன்பதிலும் பத்திலும் நிற்கிறவருக்குப் போதாது.

இனி மூலிகைகள். வாதரக்தத்துக்கு நம் பழைய வைத்தியம் முதலிடம் கொடுப்பது சீந்தில் கொடிக்கு. வேலிகளிலும் மரங்களிலும் ஏறிப் படரும் அந்தக் கொடியின் மகிமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 2021இல் மும்பை மருத்துவர்கள் சீந்தில் உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பழுதுபட்டதை எழுதியபோது, சுதேச வைத்தியத் துறையார் அதை மறுத்து, ஒத்த தோற்றமுள்ள வேறு கொடி கலந்திருக்கலாம் என்றார்கள். இரண்டில் எது உண்மையானாலும், அடையாளம் தெரியாமலும் அளவு தெரியாமலும் வீட்டில் அரைத்துக் குடிப்பது தவறு என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேற்றுமை இருக்க முடியாது. முடக்கறுத்தான் தோசை நல்ல ஆகாரம். மலைச்சந்தைகளில் சைவ ஆட்டுக்கால் என்று விற்கும் முடவாட்டுக்கால் கிழங்கின் சாறு குளிருக்கு இதமானது. இவை இரண்டும் யூரிக் அமிலத்தைக் குறைக்குமென்பதற்குத் தக்க நிரூபணம் இல்லை. நொச்சி இலை ஒத்தடமும் யூகலிப்டஸ் தைலமும் பழைய மூட்டுவலிக்கு ஆறுதல் தரலாம். கவுட் கொதித்துக்கொண்டிருக்கும் மூட்டில் சூடு வைப்பதும் தைலம் போட்டு அழுத்தித் தேய்ப்பதும் கூடாது. அப்போது இதம் தருவது துணியில் சுற்றிய பனிக்கட்டியும், காலை உயர்த்தி வைத்த ஓய்வும்தான். பெயர் ஒட்டாத பொட்டலத்தில் ‘இயற்கைப் பொடி’ என்று விற்கப்பட்டவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பல முறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. மந்திரம் போட்டதுபோல் ஒரே நாளில் வலி நின்றால் அந்தப் பொடியைச் சந்தேகிக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, இந்நோய்க்கு இயற்கை அளித்த உண்மையான ஔஷதம் எது என்று யாராவது கேட்டால், மழைக்காலத்தில் புதர்களின் மேலே தீக்கொழுந்துபோல் மலரும் செங்காந்தளையே நான் சுட்டிக்காட்டுவேன். குறிஞ்சி நிலத்துக்கும் முருகனுக்கும் உரியதென்று சங்கப் புலவர்கள் போற்றியதும், குறிஞ்சிப்பாட்டின் நீண்ட மலர்ப் பட்டியலில் முதலில் நிற்பதும், இன்று தமிழ்நாட்டின் மாநில மலராக விளங்குவதும் இதுவே. இதன் கிழங்கிலும் விதையிலும் கால்சிசின் என்னும் மருந்துப்பொருள் இருக்கிறது. ஐரோப்பாவிலும் மேற்காசியாவிலும் வளரும் கால்சிகம் என்ற வேறொரு செடியின் கிழங்கை மூட்டுநோய்க்குக் கொடுக்கும் பழக்கம், ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த திரால்லெஸ் நகரத்து அலெக்ஸாண்டரின் காலத்திலேயே இருந்தது. அதிலிருந்து மூலச் சத்தைப் பிரித்தவர்கள், மலைஜுரத்துக்குரிய குயினைனைப் பிரித்த அதே பிரெஞ்சு ரசாயனிகளாகிய பெல்லெத்தியேயும் காவன்தூவும். இரண்டும் நிகழ்ந்தது 1820ஆம் வருஷத்தில். அந்தச் சத்தே நம் செங்காந்தளிலும் உள்ளது. கூட்டமாக வந்து கலவரம் செய்யும் வெள்ளையணுக்களின் நடமாட்டத்தைத் தடுப்பது அதன் தொழில். வலி தொடங்கிய முதல் நாளிலேயே கொடுத்தால் நெருப்பு அணைகிறது.

பழனி மலையின் வடபுறத்து அடிவாரத்தில், ஒட்டன்சத்திரம், தாராபுரம், மூலனூர் வட்டாரங்களின் வறண்ட செம்மண்ணில், கண்வலிக் கிழங்கு என்ற பெயரில் விவசாயிகள் இதைப் பயிரிடுகிறார்கள். பற்றிப் படர வேலி அமைத்து, பூத்தபின் காலை வேளைகளில் ஒவ்வொரு பூவுக்கும் கையாலேயே மகரந்தம் சேர்த்து, காய் முற்றியபின் விதையை உலர்த்தி விற்கும் அந்த உழைப்பு, பெரும்பாலும் பெண்களுடைய உழைப்பு, மிகவும் நுணுக்கமானது. விதை வெளிநாடுகளுக்குச் சென்று, சத்தாகப் பிரிக்கப்பட்டு, உலகத்தின் எங்கோ ஒரு நோயாளியின் பெருவிரலுக்குச் சாந்தி அளிக்கிறது. விலையோ வருஷத்துக்கு வருஷம் தலைகீழாக மாறுகிறது. விதைத்தவருக்கு நியாயமான, நிலையான விலை கிடைக்கச் செய்வது சர்க்கார் செய்ய வேண்டிய கடமை என்று நான் திடமாக நினைக்கிறேன்.

ஆனால் இந்தக் கிழங்கு கொடிய விஷம். இதைச் சொல்லுகையில் என் குரலை எவ்வளவு உயர்த்த முடியுமோ அவ்வளவு உயர்த்துகிறேன். கால்சிசின் மாத்திரை ஒன்றில் இருப்பது வெறும் அரை மில்லிகிராம். குணம் செய்யும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறைவு. கிழங்கிலோ அதன் செறிவு இடத்துக்கு இடம், பருவத்துக்குப் பருவம் மாறுகிறது. ஒரு துண்டில் எத்தனை மாத்திரைகள் அடங்கியிருக்கின்றன என்பதைக் கையால் நிறுத்துச் சொல்லக்கூடியவர் யாருமில்லை. பழைய வைத்தியமும் இதை உபவிஷங்களில் ஒன்றாக வைத்து, சுத்தி செய்யாமல் தொடவே கூடாதென்று விதித்தது. வள்ளிக்கிழங்கென்று எண்ணி அறியாமல் தின்று உயிரிழந்தவர்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உண்டு. தப்பிப் பிழைத்த ஒருவருக்கு உடம்பிலிருந்த ரோமம் முழுவதும் உதிர்ந்துபோனதை இலங்கையிலிருந்து 1966இல் பிரிட்டிஷ் மருத்துவ சஞ்சிகைக்கு எழுதினார்கள். தின்ற சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் தொடங்குகின்றன. அது சற்று ஓய்ந்தாற்போல் தோன்றும் அடுத்த சில நாட்களில்தான் எலும்பு மஜ்ஜையும் சிறுநீரகமும் இருதயமும் செயலிழக்கின்றன. ஆகையால் யாராவது இதைத் தின்றுவிட்டால், பார்வைக்கு நன்றாக இருந்தாலும் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மாத்திரையாக வரும் கால்சிசினும் விளையாட்டுப் பொருளன்று; சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும், கிளாரித்ரோமைசின் போன்ற சில மருந்துகளை உட்கொள்பவர்களுக்கும் வழக்கமான அளவே விஷமாகிவிடும். டாக்டருடைய சீட்டில்லாமல் மருந்துக் கடையில் கேட்டு வாங்கக் கூடாது.

கால்சிசின் தீயை அணைக்கிறது, படிகத்தைக் கரைப்பதில்லை. கரைப்பதற்கு யூரிக் அமிலத்தை ஆறு மில்லிகிராமுக்குக் கீழே கொண்டுவந்து அங்கேயே நிறுத்த வேண்டும். அமெரிக்காவில் ஹிட்சிங்ஸ், எலியன் என்னும் இருவர் உருவாக்கி 1966 முதல் வழக்கத்துக்கு வந்த அலோபியூரினால் என்னும் மலிவான மாத்திரை அதைச் செய்கிறது. அவர்களுக்கு 1988இல் நோபல் பரிசு கிடைத்தது. தொடங்கிய சில மாதங்களுக்குப் படிகங்கள் கரைகிற கலக்கத்தில் வலி மீண்டும் வரலாம். ‘மருந்தே வலியைக் கொண்டுவந்தது’ என்று அப்போது நிறுத்திவிடுகிறவர்களே மிகுதி. நிறுத்தாமல் குறைந்த அளவில் ஆரம்பித்துப் படிப்படியாக உயர்த்திக்கொண்டே போவதுதான் முறை. தோலில் தடிப்பு கண்டால் மட்டும் உடனே நிறுத்தி வைத்தியரிடம் ஓட வேண்டும். ரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை வைத்தியரிடம் சொல்ல வேண்டும், ஏனெனில் அந்த மாத்திரைகளில் சில யூரிக் அமிலத்தை ஏற்றிவிடுகின்றன. தாமாகவே அதை நிறுத்துவதும் ஆபத்து.

பெருவிரல் வீங்கி முதன்முறையாக வேதனைப்படும் வாசகர் யாராக இருந்தாலும் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று காட்டுங்கள். கடுங்காய்ச்சலும் குளிர்நடுக்கமும் சேர்ந்திருந்தால் அது மூட்டில் சீழ் பிடித்த வேறு நோயாக இருக்கலாமானபடியால் அன்றைக்கே செல்லுங்கள். வலியின் உச்சத்தில் எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் சரியான அளவில் இருப்பதாகக் காட்டுவது சாதாரணம். அதை நம்பி நோயில்லை என்று திரும்பிவிடாமல், வலி தணிந்து இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒரு முறை ரத்தம் கொடுத்துப் பாருங்கள்.